வெடி எங்கே, காது எங்கே

கணிதத்தில் சிறப்புப் பட்டம் பெற்ற பெண் ஒரு கரைவலைக்காரர் வீட்டுக்கு மருமகளாகப் போனால் இரண்டு பக்கமும் கதை வரத்தான் செய்யும். திருகோணமலைப் பட்டணத்தில் இருந்த என் வீட்டார், "படிச்ச படிப்பெல்லாம் கருவாட்டுக்குப் போயிட்டுது" என்றார்கள். போன இடத்துப் பெண்கள் என் முகத்துக்கு நேரேயே, "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமோ ரீச்சர்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "கறிக்கு உதவாட்டியும் உங்கட பிள்ளையளைச் சோதினையில பாஸாக்க உதவும்" என்று திருப்பிக் கொடுத்தேன். சிரிப்பு குறையவில்லை. ஆனால் பிள்ளைகள் பின்னேரங்களில் கணக்குப் படிக்க வரத் தொடங்கினார்கள்.

அது அறுபதுகளின் கடைசிப் பகுதி. என் கணவர் துறைமுக அலுவலகத்தில் எழுதுவினைஞர். நான் பெண்கள் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பித்தேன். நாங்கள் இருந்தது அவருடைய தகப்பன் வீட்டில், பட்டணத்திலிருந்து சைக்கிளில் போகக்கூடிய ஒரு சின்னக் கடற்கரைக் கிராமத்தில். எல்லாரும் கத்தோலிக்கர், நான் மட்டும் புரொட்டஸ்தாந்து வீட்டிலிருந்து வந்தவள். மாமிக்காரி நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். மாமா பேசுவது குறைவு. என்னோடு பேசுவது அதிலும் குறைவு. குசினியிலிருந்து நான் ஏதாவது கேட்டால் பதில் வராது. வந்தாலும் நான் கேட்டதற்கு அது பதிலாக இராது. இந்த மனுஷனுக்கு என்னைக் கண்ணிலும் காட்டக் கூடாது என்று நான் முதல் மாதத்திலேயே முடிவு கட்டிவிட்டேன். எனக்கும் ரோஷம் உண்டு. தேவைக்கு மேல் நானும் வாய் திறக்கவில்லை.

மாமா சம்மாட்டி. அதாவது, கரைவலை அவருடையது. வலையை வள்ளத்தில் கொண்டுபோய் அரைவட்டமாகக் கடலில் போட்டபின், கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிற்றை இழுப்பார்கள். நடுவில் நின்று, இந்தப் பக்கம் இழு, அந்தப் பக்கம் பொறு என்று நடத்துகிறவர் சம்மாட்டி. வலையோடு சேர்ந்து கடலுக்குள் இரண்டொருவர் நீந்தி வருவார்கள். வலை கல்லில் மாட்டினால் அவர்கள் அங்கிருந்து கூவுவார்கள். உடனே இழுவையை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் வலை கிழியும், சில வேளை ஆளே கயிற்றில் அகப்படும். ஒரே குடாவில் பல வலைகள் இருந்தபடியால் எந்த நாள் யாருடைய வலை என்று முறை உண்டு. அந்த முறையைப் பாடு என்பார்கள். ஒரு சம்மாட்டிக்குப் பாடு போனால் வலையும் போனது, பெயரும் போனது.

குடாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. கிழக்கே கடல். மேற்குக் கரையில், மணலுக்கு மேலே, கோயில். தெற்கே ஒரு முனை கடலுக்குள் நீண்டிருந்தது. குடாவைப் பார்த்த அதன் பக்கம் செங்குத்தான பாறை. வடக்கே இன்னொரு முனை, பற்றை மூடிய மேடு. அந்த மேட்டுக்குப் பின்னால், கடல் உள்ளே வளைந்த ஒரு சின்ன ஒதுக்கு இருந்தது. கோயிலடியில் நின்றால் அது தெரியாது. ஆனால் தென்முனைப் பாறையின் முகம் அந்த ஒதுக்கை நேரே பார்த்துக்கொண்டிருந்தது.

பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படித்தவற்றுள் பலதை மறந்துவிட்டேன். மறக்காதது கிரீன் சார்பு. பெயரைக் கேட்டால் பயமாக இருக்கும். கேள்வி மிகவும் எளியது. ஓரிடத்தில், ஒரு கணம், ஒரேயொரு தட்டு. அந்தத் தட்டு சுற்றியிருக்கும் சுவரிலும் மலையிலும் தண்ணீரிலும் பட்டு, வேறோரிடத்தில் இருக்கும் காதுக்கு எப்போது வரும், எவ்வளவு பலத்தோடு வரும், எத்தனை தரம் வரும்? இதற்கு விடைதான் கிரீன் சார்பு. உலகத்தில் எந்தச் சத்தத்தையும் தட்டுகளாகப் பிரிக்கலாம். பாட்டும் பிரசங்கமும் பக்கத்து வீட்டுச் சண்டையும் எண்ணில்லாத தட்டுகள் அடுத்தடுத்து வருவதுதான். ஒரு தட்டுக்கு விடை தெரிந்தால் மற்றதெல்லாம் கூட்டல். இதை முதன்முதலில் விளங்கிக்கொண்ட நாளில் எனக்கு விடுதிச் சாப்பாடு கூட ருசித்தது.

கலியாணமான பிறகு இதைக் கணவருக்கு விளக்கப் பார்த்தேன். "அப்ப நீர் பேசுறதெல்லாம் தட்டுத்தானோ?" என்று கேட்டார். அத்தோடு விட்டுவிட்டேன்.

வெடி கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்து எல்லாரும் கோயில் படியில் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில். நானும் கணவரோடு அங்கே நின்றேன். டைனமைற் வெடி. யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஊரே ஒன்றாகத் தெற்கே திரும்பியது. நானும் திரும்பினேன். தென்முனைப் பக்கமிருந்துதான் அது வந்தது என்று என் காதும் சத்தியம் செய்தது.

டைனமைற் எறிந்தால் பெரிய மீன் சின்ன மீன் எல்லாம் வயிறு மேலே மிதக்கும். எறிந்தவன் அள்ளிக்கொண்டு போவான். பிறகு அந்தக் கடலில் மாதக்கணக்கில் வலையில் ஒன்றும் விழாது. எங்கள் ஊரில் கொலைக்கு அடுத்தபடியான குற்றம் அதுதான். அதனால் கோயிலடி மீனவர் சங்கத்தில் கடுமையான ஒரு கட்டு இருந்தது: வெடி எறிந்தவனுக்குப் பாடு இல்லை, எந்த வெடியும், சீனவெடியென்றாலும், வள்ளத்தில் ஏறக்கூடாது. ஞாயிறு பூசை முடியும் மட்டும் யாரும் கடலுக்குப் போவதில்லை என்பதும் கட்டுத்தான். ஆகவே படியில் நின்றவர்கள் செய்த முதல் காரியம், யார் பூசைக்கு வரவில்லை என்று பார்த்தது.

மாமா வரவில்லை. மாமா சில காலமாகவே பூசைக்கு வருவதில்லை. பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியதும் நின்றுவிட்டார். பழைய பூசைக்காக முறுக்கிக்கொண்டு நிற்கிறார் என்று ஊர் சொன்னது. ஞாயிறுகளில் சின்னத் தோணியில் தனியாகப் போய்த் தென்முனைக்குப் பின்னால் தூண்டில் போட்டுக்கொண்டு இருப்பார். கட்டை மீறின காரியந்தான். ஆனால் கிழவன் தானே, கறிக்கு இரண்டு மீன் பிடிக்கிறார் என்று விட்டிருந்தார்கள். அன்று அவர் தென்முனையைச் சுற்றிக்கொண்டு நிதானமாக வந்து கரையேறியபோது ஊர் முழுக்க மணலில் நின்றது.

மூப்பர் முன்னுக்குப் போனார். மூப்பர் என்றால் கோயில் காரியங்களைப் பார்க்கும் பெரிய ஆள். சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். மாமாவை விட நாலைந்து வயது குறைந்தவர், நேர்மையானவர்.

"அண்ணை, வெடி கேட்டதோ?"

மாமா அவருடைய முகத்தையே பார்த்தார். மூப்பர் திரும்பவும் கேட்டார்.

"வெடியோ? நான் ஒரு வெடியும் கேக்கேல்ல" என்றார் மாமா.

அந்த ஒரு பதிலோடு காரியம் கெட்டது. யன்னல் அதிர்ந்த வெடியைத் தென்முனையிலேயே இருந்தவர் கேட்கவில்லையாம். எறிந்தவனைத் தவிர வேறு யார் அப்படிச் சொல்வான்? மாமா தோணியை இழுத்து வைத்துவிட்டு ஒருவரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். எனக்கே சந்தேகம் வந்தது. சந்தேகத்தை விட வெட்கம் அதிகமாக வந்தது.

கோயில் பெருநாளுக்கு முன் சங்கம் கூடித் தீர்ப்புச் சொல்லும் என்று அறிவித்தார்கள். பெருநாளுக்குப் பின் தொடங்குவதுதான் நல்ல மீன் காலம். மாமாவின் பாடு அதில் முன்னுக்கே இருந்தது. கணவர் தகப்பனோடு கதைக்கப் போய், சுவரோடு கதைத்தது போலத் திரும்பி வந்தார். "அப்பா வாய் திறக்கமாட்டார். அவருக்கு மானம் பெரிசு" என்றார். எனக்குக் கோபம் வந்தது. மானம் பெரிதென்றால் வாய் திறந்து, நான் செய்யேல்ல என்று சொல்ல வேண்டியதுதானே?

அந்தக் கிழமை பிள்ளை பெற்ற ஒருத்தியைப் பார்க்கப் போனேன். வீடு வடமுனை மேட்டடியில். பிள்ளை பெற்ற வீட்டில் பேசுகிற கதையெல்லாம் பேசிவிட்டு எழும்பும்போது அவள் சொன்னாள்: "ரீச்சர், அண்டைக்கு வெடிச்ச வெடியில பிள்ளை திடுக்கிட்டு அழுதிட்டுது. மேட்டுக்கு அங்கால பக்கத்தில, வீட்டுக்குப் பின்னாலயே வெடிச்ச மாதிரி."

"தெற்கால எல்லோ கேட்டது?"

"இல்லை, இஞ்ச வடக்கால. என்னட்ட ஆர் வந்து கேட்டவை?"

யாரும் கேட்கவில்லை, உண்மைதான். பூசைக்கு வந்தவர்கள் மட்டுமே சாட்சி. வராதவர்கள் சந்தேகப்பட வேண்டியவர்கள் அல்லது கணக்கில் இல்லாதவர்கள். எங்கள் ஊர் விட்ட பிழை அதுதான். ஊரே கேட்டது என்று மூப்பர் சொன்னார். ஆனால் ஊர் முழுக்க ஒரே படியில் அல்லவா நின்றது? எத்தனை பேர் நின்றாலும் எல்லாரும் ஒரே புள்ளியில் நின்றால் அது ஒரு காதுதான். என் காதும் அதற்குள் அடக்கம்.

வீட்டுக்கு வந்து, சோற்றை உலையில் போட்டுவிட்டு, குசினி நிலத்தில் கரித்துண்டால் குடாவைக் கீறினேன். கோயில், இரண்டு முனை, ஒதுக்கு. ஒதுக்கில் ஒரு தட்டு. நேர்வழியில் கோயிலுக்குப் போக மேடு விடாது. ஆனால் அது தண்ணீர் மேலாகப் போய்த் தென்முனைப் பாறையில் மோதி, அங்கிருந்து கோயிலுக்கு வரும். தட்டையான சுவர் ஒன்றிருந்தால், கணக்கில் ஒரு தந்திரம் செய்வோம். சுவரைத் தூக்கி எறிந்துவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம், அதே தூரத்தில், இல்லாத ஒரு மூலத்தை வைப்போம். காதுக்குச் சத்தம் அந்த இல்லாத இடத்திலிருந்தே வருவதாகத் தோன்றும். முகம் பார்க்கும் கண்ணாடியில் நாம் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதாகத் தெரிவது போல. கரித்துண்டால் அந்த இல்லாத மூலத்தைக் குறித்தேன். அது தென்முனைக்குப் பின்னால், மாமா தூண்டில் போடும் பக்கத்தில் போய் விழுந்தது.

ஊர் கண்ணாடிக்குப் பின்னால் கள்ளனைத் தேடியிருக்கிறது. அங்கே பார்த்து ஒரு பாவப்பட்ட மனுஷன் இருந்துவிட்டார். சோறு அடிப்பிடித்த மணம் வந்த பிறகுதான் எழும்பினேன்.

கரிக் கோட்டைக் காட்டி மூப்பரை மடக்க முடியாது என்று எனக்குத் தெரியும். செய்து காட்ட வேண்டும். தென்முனைக்குப் பின்னால் ஒரு வெடி கொளுத்திக் கோயிலில் நின்று கேட்டால் முடிந்தது. ஆனால் வெடி வள்ளத்தில் ஏறக்கூடாது. குற்றம் சாட்டப்பட்டவரின் மருமகள் வெடியோடு கடலுக்குப் போனால் அதை விட வேறு வினை வேண்டாம்.

இங்கேதான் கிரீன் சார்பு கை கொடுத்தது. அதில் எனக்கு எப்போதுமே ஆச்சரியமாக இருந்த ஒரு குணம் உண்டு: மூலத்தையும் காதையும் இடம் மாற்றினாலும் விடை மாறாது. நான் இங்கே தட்டி நீங்கள் அங்கே கேட்பதும், நீங்கள் அங்கே தட்டி நான் இங்கே கேட்பதும் ஒன்று. இடையில் எத்தனை பாறை இருந்தாலும் இது உண்மை. மனிதர் பேச்சில் இப்படி ஒரு நீதி இருப்பதாக நான் கண்டதில்லை, சத்தத்தில் இருக்கிறது.

மூப்பர் வீட்டு விறாந்தையில், அவர் தந்த கதிரையில் உட்காராமல் நின்றபடியே, மேட்டடிப் பெண் வடக்கே வெடி கேட்டதையும் என் யோசனையையும் சொன்னேன்.

"வெடியைக் கோயிலடியில கொளுத்துவம். நாங்கள் வள்ளத்தில போய் முனைக்குப் பின்னால இருந்து கேப்பம். அங்க எங்களுக்குப் பெலமாக் கேட்டா, அங்க வெடிச்சது இஞ்சயும் பெலமாக் கேட்டிருக்கும். அங்க கேக்காட்டி, அண்டைக்கு நாங்கள் கேட்டது அங்கயிருந்து வந்ததில்ல."

மூப்பர் யோசித்தார். "அதெப்பிடி ரீச்சர், அங்கயிருந்து இஞ்ச வாறதும் இஞ்சயிருந்து அங்க போறதும் ஒண்டாகும்?"

"நீங்கள் என்ர முகத்தைப் பாக்க ஏலுமெண்டா, நானும் உங்கட முகத்தைப் பாப்பன் தானே?"

"அது சரி" என்றார். பிறகு, "தண்ணிக்குள்ள வெடிக்கிறதும் மேல வெடிக்கிறதும் ஒண்டோ?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஒன்றில்லை என்று ஒப்புக்கொண்டேன். தென்முனைக்குப் பின்னாலும் வடக்கு ஒதுக்கிலும் ஒரே விதமான வெடியைக் கேட்டு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும் என்றேன். அவர் சம்மதித்தார். ஈச்சிலம்பற்றுப் பக்கம் வயல் வைத்திருந்த அவருடைய சொந்தக்காரர் ஒருவர் யானை விரட்டுவதற்கு வைத்திருந்த பெரிய வெடிகளில் சிலதை அனுப்பினார்.

காற்றில்லாத ஒரு காலை. கணவர் வெடிகளோடு கோயில் படியில் நின்றார். குறித்த நேரம் வரும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கொளுத்த வேண்டியது அவருடைய வேலை. என் கையிலும் கடிகாரம் இருந்தது. தோணியில் முன்னுக்கு மூப்பரும் நானும். பின்னுக்குத் துடுப்போடு மாமா. தன் தலைக்கு என்ன நடக்கப்போகிறது என்று அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கணவர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டுத் தோணியைத் தள்ளினார். இவ்வளவு அலட்சியமா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

தென்முனையைச் சுற்றி அவர் வழக்கமாகத் தூண்டில் போடும் இடத்தில் நின்றோம். நேரம் வந்தது. தூரத்து வீட்டில் யாரோ கதவைச் சாத்தியது போல ஒரு சின்ன முனகல். அவ்வளவுதான். அடுத்ததும் அப்படியே. மூப்பர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்டார். அவருடைய முகம் மாறியது.

"இது யன்னல் அதிர்ற சத்தமில்ல" என்றார்.

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கவில்லை. தோணி ஆடும்படி கையைத் தட்டினேன். மாமா என்னைப் பார்த்து இலேசாகச் சிரித்தார். கலியாணமாகி வந்து முதன்முறை.

என்னளவில் அத்தோடு திரும்பியிருக்கலாம். ஆனால் மூப்பருக்கு, பேசிக்கொண்டபடி, மற்றப் பாதியும் வேண்டியிருந்தது. "அப்ப எங்க வெடிச்சது? அதையும் பாத்திட்டுப் போவம்" என்றார். வடக்கே கையைக் காட்டினார். மாமா துடுப்பை அந்தப் பக்கம் போட்டார்.

ஒதுக்குக்குள் வந்து மாமா தோணியைத் தென்முனை பார்க்கத் திருப்பி நிறுத்தியபோது தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. நாங்கள் இருவரும் முன்னே பார்த்தபடி இருந்தோம். பின்னால் மாமா பேசத் தொடங்கினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. பழி நீங்கிய சந்தோஷமாக இருக்க வேண்டும். இந்த ஒதுக்கில் முன்பு இறால் பட்டது, சோளகக் காற்றுத் தொடங்கினால் நீர் இப்படிச் சுழலும், இந்தக் கல்லில் ஒரு தரம் வலை மாட்டியது என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். வெடித்தது.

எங்கள் முன்னால் தென்முனைப் பாறையே வெடித்தது போல இருந்தது. மூப்பர் துள்ளி எழுந்து சிலுவை அடையாளம் போட்டார். "அந்தா, பாறையிலயிருந்தெல்லோ வருது! கோயில் இந்தப் பக்கமெல்லோ?" மேட்டுக் கொக்குகள் எல்லாம் கிளம்பின. கரிக்கோடு பொய் சொல்லவில்லை என்று நான் பெருமையோடு மூப்பரைப் பார்த்தேன்.

அப்போதுதான் இருவருக்கும் ஒன்றாக உறைத்தது. பின்னால் மாமாவின் பேச்சு நிற்கவில்லை. வெடிக்கு முன் தொடங்கிய வசனம் வெடியின் ஊடாக வந்து, வெடிக்குப் பின்னும் போய்க்கொண்டிருந்தது. ஒரு சொல் தடுக்கவில்லை. "...அந்த வலையைப் பிரிச்செடுக்க ஒரு பகல் முழுக்கப் போயிட்டுது" என்று முடித்தார். நாங்கள் திரும்பியதைப் பார்த்தார். எழும்பி நின்ற மூப்பரைப் பார்த்தார். பறக்கிற கொக்குகளைப் பார்த்தார். துடுப்பு அவர் கையில் நின்றது.

"வெடிச்சதோ?" என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன். குசினியிலிருந்து நான் கேட்ட கேள்விகளும், கிடைக்காத பதில்களும், நான் வளர்த்த ரோஷமும் எல்லாம் ஒரு கணத்தில் வேறு அர்த்தம் கொண்டுவிட்டன. பூசைக்குப் போகாததும் விளங்கியது. லத்தீன் பூசையில் சுவாமியாரின் முதுகைப் பார்த்துக்கொண்டு, மற்றவர்கள் முழந்தாளிடும்போது முழந்தாளிட்டால் போதும். தமிழ்ப் பூசையில் கேட்க வேண்டும், கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். அவருக்கு அது ஏலாது. மணலில் மூப்பர் கேட்டபோது அவர் சொன்னது முழு உண்மை. எத்தனை வெடி வெடித்தாலும் அவர் அதையே சொல்லியிருப்பார்.

நான் இந்தக் கணக்கைப் படித்த காலத்தில் மூலத்தைப் பற்றி எவ்வளவோ யோசித்திருக்கிறேன். மறுமுனையில் இருக்கும் காதை ஒரு புள்ளியாகக் குறித்துவிட்டுப் போய்விடுவேன். அங்கே சத்தம் வந்து சேர்ந்தால் கேட்டதாகத்தான் அர்த்தம். சமன்பாட்டில் கேட்கிறவருக்கு இடமில்லை.

கரைக்கு வரும்வரை பேச்சு முழுக்க எங்கள் மூவரின் முகங்களில் நடந்தது. காது கேளாத சம்மாட்டி என்றால் என்ன என்று மூப்பருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலுக்குள் நிற்கிறவன் கூவினால் இழுவையை யார் நிறுத்துவது? இவ்வளவு காலமும் அவர் நீந்துகிறவர்களின் கையையும் இழுப்பவர்களின் முகத்தையும் பார்த்தே நடத்தியிருக்கிறார். ஒன்றும் பிசகவில்லை. பிசகும் நாள் வராது என்று யார் சொல்ல முடியும்?

மணலில் இறங்கியதும் மூப்பர் என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், "ரீச்சர், நான் கேக்கப் போனது வெடியை. வெடியைப் பற்றி மட்டுந்தான் சங்கத்தில கதைப்பன்" என்றார். மாமா அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு விளங்கியதோ தெரியாது.

நானும் கணவருக்கு மட்டும் சொன்னேன், வேறு யாருக்கும் சொல்லவில்லை. "அப்ப நான் சின்னனில இருந்து அப்பாவோட கத்திக் கத்திக் கதைச்சது இதாலதானோ?" என்று கேட்டார்.

சங்கம் கோயில் விறாந்தையில் கூடியது. ஆண்கள் உள்ளே, நாங்கள் சில பெண்கள் படியடியில். மூப்பர் எழுந்து நடந்ததைச் சொன்னார். வெடி வடக்கு ஒதுக்கில் என்றார். இயந்திரப் படகில் வெளியூரார் சிலர் அங்கே வந்து போகிறதாக இப்போது விசாரித்து அறிந்ததாகவும், இனி ஞாயிறுகளில் மேட்டில் காவல் போடுவதாகவும் சொன்னார். "அண்ணையில ஒரு பிழையும் இல்ல. நாங்கள்தான் அவரைக் குறை நினைச்சிட்டம். அவற்ற பாடு அவருக்குத்தான், முந்தி இருந்த மாதிரியே."

எல்லாரும் கை தட்டினார்கள். என் பக்கத்தில் நின்ற பெண் என் தோளில் இடித்து, "ரீச்சரின்ர சுரைக்காய் கறிக்கு உதவிட்டுது" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தட்டுகிற கைகளை மாமா பார்த்தார். பிறகு ஆட்களுக்கு மேலாக என்னைத் தேடிப் பிடித்தார். என்ன சொன்னார்கள் என்று அவருடைய புருவம் கேட்டது. நான் வாயை மெல்ல அசைத்து, சத்தமில்லாமல் சொன்னேன்: பாடு உங்களுக்குத்தான். அவருக்கு விளங்கியது. மூப்பரைத் திரும்பிப் பார்த்தார். மூப்பர் நிலத்தைப் பார்த்தார்.

மாமா எழுந்தார். அவர் அந்தச் சங்கத்தில் அதுவரை பேசியதில்லை. தேவைக்கு மேல் பெரிய குரலில், கடற்கரையில் கட்டளை போடுவது போலப் பேசினார்.

"நான் டைனமைற் எறியேல்ல. அதைச் சொன்னதுக்குச் சந்தோசம். ஆனா எனக்குக் காது போயிட்டுது. இப்ப இல்லை, கனகாலம். மூப்பருக்குத் தெரியும், சொல்லேல்ல. அவர் நல்ல மனுசன். என்ர வலையை வேற ஆரும் நடத்துங்கோ. என்னை நம்பி இனி ஒருத்தரும் கடலுக்க இறங்கக்குடாது."

சொல்லிவிட்டு உட்காராமல் நின்றார். விறாந்தை நிறைய ஆட்கள். ஒருவரிடமிருந்தும் ஒரு சத்தம் வரவில்லை. ஆனால் அது அவருக்கு எப்படித் தெரியும்? யாராவது பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்து, மாமா அங்கே இருந்த ஒவ்வொருவருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றார்.